வகுப்பறையில் கருவி: ஆசிரியையாகப் போகும் பிள்ளைகளுக்குச் சில விளக்கங்கள்

பட்டப்படிப்பை முடித்த கையோடு பி.எட். சேரும் பெண் பிள்ளைகள் இன்று நம் மஹல்லாக்களில் நிறையவே இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளிக்கூடத்திலேயே பயிற்சி. அப்படிப் பயிற்சிக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டார்கள்: "ஹஜ்ரத், பாடக்குறிப்பில் தொழில்நுட்பப் பயன்பாடு என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, செயலிகள் இருக்கின்றன, இப்போது ஏ.ஐ.யும் வந்துவிட்டது. எதைப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறும்?" பெற்றோர்கள் கேட்பது இதன் மறுபக்கம். "பிள்ளை கையில் போனைக் கொடுக்கலாமா, கூடாதா?"

மதரஸாவில் கிதாபு ஓதிவிட்டுப் பிறகு கல்லூரியில் பி.ஏ. படித்தவன் என்ற முறையில் இரண்டு விதமான வகுப்பறைகளையும் பார்த்தவன் நான். இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கருவியின் பெயரையும் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது வகுப்புக்குள் வந்தபின் பிள்ளை செய்ய வேண்டிய வேலையை யார் செய்கிறார் என்று முதலில் பாருங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்கு முன்பைவிட நன்றாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

புதிய கருவி வரும்போதெல்லாம் பெரிய வாக்குறுதிகளும் கூடவே வருவது வழக்கம். 1913 இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் பாடநூல்களுக்கு இனி வேலை இருக்காது, திரைப்படமே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும், பத்து ஆண்டுகளுக்குள் பள்ளிமுறையே மாறிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. பாடநூல் இன்னும் பிள்ளைகளின் பையில்தான் இருக்கிறது. பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது. நம் மாநிலத்தில் 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். 2018 இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகளை அச்சிட்டார்கள். 2019 இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவை எதுவும் வீண் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இவை இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஆனால் அந்த நாட்களில் நம் வீடுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருந்தது ஒரே போன். அது காலையில் அத்தாவோடு கடைக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அவர் திரும்பிய பிறகுதான் ஆசிரியர் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை பார்க்க முடியும். இரண்டு பிள்ளைகள் இருந்த வீடுகளில் போன் பெரும்பாலும் ஆண் பிள்ளையின் கைக்கே போனது. பாடம் வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு அது விளங்கியதா என்பது ஆசிரியருக்குத் தெரிய வழியில்லாமல் போனது. வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள், ஆசிரியரும் கட்டைவிரல் குறி போட்டார். அந்தக் கையெழுத்து யாருடையது, பிள்ளையுடையதா உம்மாவுடையதா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் நடந்த மூன்று ஆய்வுகளைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் நடந்தது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அந்த அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. 319 பள்ளிகளை எடுத்து ஆய்வு செய்து 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். கணினி கொடுக்கப்பட்ட பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஒன்றுக்கும் மேல் என்ற அளவுக்குக் கணினிகள் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் அவற்றைப் பள்ளியிலும் வீட்டிலும் ஆசையாகப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் கணக்குத் தேர்விலும் மொழித் தேர்விலும், கணினி கிடைக்காத பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்கள் மேலே போகவில்லை. பெட்டி வந்து சேர்ந்ததே தவிர, பாடம் நடத்தும் முறையில் மாற்றம் வரவில்லை.

இரண்டாவது டெல்லியில் நடந்தது. பள்ளி முடிந்த பிறகு நடக்கும் கணினி மையங்களுக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பள்ளி மாணவர்கள் போனார்கள். ஒரு நாளைக்கு 90 நிமிடம். பாதி நேரம் கணினியில், மீதி நேரம் ஓர் உதவி ஆசிரியரோடு சிறு குழுவாக. நான்கரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும், மையத்துக்குப் போகாத பிள்ளைகளைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இங்கே மட்டும் பலன் எப்படி வந்தது? அந்த மென்பொருள் முதலில் பிள்ளையைச் சோதித்தது. ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பள்ளியில் ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளையோ மூன்றாம், நான்காம் வகுப்புக் கழித்தலிலேயே நின்றுகொண்டிருந்தது. மென்பொருள் அந்தப் பிள்ளை நின்ற இடத்துக்கு இறங்கி வந்து அங்கிருந்து தொடங்கியது. பிள்ளை தவறு செய்தால் அது என்ன வகைத் தவறு என்று பார்த்து அதற்கேற்ற அடுத்த கணக்கைக் கொடுத்தது.

மூன்றாவதுதான் இன்றைய பெற்றோர்களுக்கு மிகவும் தேவையானது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாக்கிக் கணக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. கருவியை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே கருவியை, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் துணையோடு மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது முதல் பிரிவு, புத்தகப் பிரிவைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. இரண்டாம் பிரிவு 127 சதவீதம் கூடுதல். பிறகு எல்லோரிடமிருந்தும் கருவியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, ஏ.ஐ.யைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே போய்விட்டது. குறிப்பு மட்டும் வாங்கிய பிரிவுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. ஆனால் பெரிய ஆதாயமும் கிடைக்கவில்லை, புத்தகப் பிரிவோடு ஏறக்குறைய சமமாக நின்றது. இதில் எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. முதல் பிரிவுப் பிள்ளைகள் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதையே உணரவில்லை.

வீட்டில் மகன் பத்து நிமிடத்தில் ஹோம்வொர்க்கை முடித்துவிட்டு எழுந்தால் உம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி ஒரு தாளில் போடச் சொல்லிப் பாருங்கள். கணக்குத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்.

இங்கே மக்தபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே காலையில் நடப்பது என்ன? உஸ்தாத் முன்னால் பிள்ளை உட்கார்ந்து முதல் நாள் சபக்கை ஓதிக் காட்டுகிறது. உஸ்தாத் கேட்கிறார். தவறினால் நிறுத்துகிறார், திரும்ப ஓதச் சொல்கிறார். சரியாக ஓதும் பிள்ளைக்கு அடுத்த சபக் கிடைக்கும். தவறும் பிள்ளைக்குப் பழையதே மறுபடியும். டெல்லியில் மென்பொருள் செய்த வேலை இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. என்ன, ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் உஸ்தாத் என்று ஆகிவிட்ட மக்தபில் இது பேருக்குத்தான் நடக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது போனில் பெரிய காரிகளின் கிராஅத் கிடைக்கிறது. எகிப்தின் ஷேக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் 1961 இல் ஒலிப்பதிவானது. அது வந்ததிலிருந்து உலகின் எந்த மூலையில் இருப்பவரும் திருத்தமான ஓதலைக் கேட்க முடிகிறது. பெரிய நிஃமத். ஆனால் தமிழ் பேசும் பிள்ளைக்கு 'ஹா' இரண்டும் ஒன்று போலத்தான் காதில் விழும். தொண்டையின் நடுவிலிருந்து வருவதையும் அடியிலிருந்து வருவதையும் பிரித்துக் கேட்கும் பழக்கம் நம் மொழி பேசும் காதுக்கு இல்லை. ஆகவே ஹுஸரி ஓதுவதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை தன் பாட்டுக்கு ஓதும். தானும் அப்படியே ஓதுவதாக நினைத்துக்கொள்ளும். போன் பிள்ளைக்கு ஓதிக் காட்டியது, பிள்ளை ஓதியதை யாரும் கேட்கவில்லை. தமிழ் எழுத்தில் போட்டுத் தரும் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய் ஸீன், ஸாத், ஸா மூன்றுக்கும் ஒரே 'ஸ'வைப் போட்டுவிடுகின்றன. தமிழை எழுதுவதற்கென்று அரபி எழுத்துகளில் புள்ளி சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கி அரபுத்தமிழ் படைத்த சமுதாயம் இது. அவர்கள் எழுத்து விஷயத்தில் காட்டிய கவனத்தில் பாதியாவது செயலி தயாரிப்பவர்கள் காட்டலாம்.

அதே போனை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். பிள்ளை ஓதுவதைப் பதிவு செய்து, அதன் காதிலேயே போட்டுக் காட்டுவது. முதலில் காரியின் குரல், அடுத்துத் தன் குரல். பல பிள்ளைகள் தாங்களாகவே "இது வேறாக இருக்கிறதே" என்று பிடித்துவிடுவார்கள். பிடிக்காத இடத்தில் உஸ்தாத் சொல்லிக்கொடுப்பார். இதற்கு இணையமும் வேண்டாம், பணமும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாகப் போகும் பிள்ளை ல, ள, ழ மூன்றுக்கும் இதைச் செய்யலாம். ஆங்கில வாசிப்புக்கும் செய்யலாம்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதயம் துடிப்பது, எரிமலை வெடிப்பது போன்று கரும்பலகையில் வரைந்து காட்ட முடியாதவற்றுக்கு அது நல்லது. அரை மணி நேரம் வீடியோவை ஓடவிட்டு ஆசிரியர் பின்னால் உட்காருவதற்கு அது எதற்கு? வீடியோவை மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும், நோட்டில் எழுதுங்கள்" என்று சொன்னால் அதே பலகை வேறு வேலை செய்யும். மின்சாரம் போகும் நாளுக்கு ஒரு சாக்பீஸ் பாடமும் கைவசம் இருக்கட்டும்.

ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதில் பாங்கு சொல்லலாமா என்று உலமாக்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. இன்று சிலர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு பொருள் உள்ளே வருமுன் அதைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள், கேட்டு முடித்து ஏற்றுக்கொண்டார்கள். இன்று மகளின் பள்ளியிலிருந்து "இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று செய்தி வந்தால் நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் இறக்கிவிடுகிறோம். பிள்ளையின் பெயர், புகைப்படம், பிறந்த தேதி, போன் எண் எல்லாம் அதற்குள் போகின்றன. 2023 இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது. சில விதிவிலக்குகளும் உண்டு. பயிற்சி ஆசிரியைகளுக்கும் இதில் ஒரு சொல். வகுப்பில் பிள்ளைகளை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கம் பரவி வருகிறது. விடை தெரியாமல் விழிக்கும் ஒரு பிள்ளையின் முகம் அதில் இருந்தால், அதை நாளை ஊரே பார்க்கும். பதிவு செய்த குரலையும் பிள்ளைக்குப் போட்டுக் காட்டியபின் அழித்துவிடுங்கள்.

இனி அந்தப் பாடக்குறிப்புக் கட்டம். "ஸ்மார்ட் போர்டு, யூடியூப்" என்று கருவிகளின் பெயரை எழுதி நிரப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏழாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல். பாடத்துக்கு முன் ஐந்து கணக்குகள் தாளில். பகுதிகளையும் தொகுதிகளையும் தனித்தனியாகக் கூட்டிவிடும் பிள்ளைகள் யார் யார் என்று பார்த்தல். அவர்களுக்கு மட்டும், பாதி ரொட்டியும் கால் ரொட்டியும் சேரும் அசைபடம் இரண்டு நிமிடம். மற்றவர்களுக்கு அந்நேரம் பலகையில் அடுத்த பயிற்சி. பாட முடிவில் அதே பிள்ளைகளுக்கு, படம் இல்லாமல், ஒரு கணக்கு." பார்வையிட வரும் விரிவுரையாளர், கருவியின் பங்கு இரண்டே நிமிடம்தானா என்று கேட்கக்கூடும். கேட்டால், பாடத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் எழுதிய தாள்களை எடுத்து அவர் முன் வையுங்கள்.