பிள்ளை பெறாமலே தாயான ஆசிரியை

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீட்டில் விடியமுன்னரே அடுப்பு எரியும். அம்மம்மா தலைமுழுகி, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலுக்குப் புறப்படுவார். எனக்கு அப்போது பத்து வயது. பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடிப்பேன். “கொஞ்சம் பொறு பிள்ளை, அம்மா பேசப்போறா” என்று அம்மம்மா மண்டபத்தில் இருத்திவிடுவார்.

அவர் ‘அம்மா’ என்று சொன்னது சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களை. நெற்றி நிறைய விபூதியோடு எழுந்து நின்று அவர் கந்தபுராணக் கதையைச் சொல்லத் தொடங்கினால், அடம்பிடித்த நானும் வாய் மூடிவிடுவேன். அன்று கதைதான் எனக்குப் பிடித்தது. அதைச் சொன்ன பெண்மணியின் பெருமை, நானும் வாழ்க்கையில் அடிபட்ட பிறகுதான் விளங்கியது.

ஆசிரியையாகத் தொடங்கிய வாழ்வு

அம்மையார் 1925ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி யாழ்ப்பாணம் மல்லாகத்தில் பிறந்தார். ஆசிரியையாகி முதலில் மட்டக்களப்பிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் படிப்பித்தார். படிப்பித்துக்கொண்டே தாமும் படித்து, சைவப்புலவர், பாலபண்டிதர் பரீட்சைகளில் தேறினார். 1976இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்தக் காலத்தில் கோயில் மேடைகளில் புராணம் சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குரிய இடம் மடப்பள்ளியும் மாலை கட்டும் திண்ணையும்தான். அந்த மேடையில் ஒரு பெண் ஏறிப் பேசியபோது ஊர் பேசாமலா இருந்திருக்கும்? அதிலும் அவர் திருமணம் செய்யாதவர். அவர் வாதாடப் போகவில்லை. தமது பணியைச் செய்துகொண்டே இருந்தார். ஈழத்திலும் வெளிநாடுகளிலும் மக்கள் திரண்டு வந்து அவரது சொற்பொழிவைக் கேட்டார்கள். மதுரை ஆதீனம் ‘சிவத்தமிழ்ச்செல்வி’ என்ற பட்டத்தை வழங்கியது.

அர்ச்சனைக் காசு சோறானது

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை வீட்டில் இருந்து இளைப்பாறுவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அம்மையாரின் பெரிய வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. 1977இல் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. நிருவாகம் ஆண்களுடையது என்றிருந்த ஊரில், ஒரு பெரிய கோயிலை ஒரு பெண் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக் காட்டினார். சிறிய கோயிலாக இருந்தது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் தேடி வரும் தலமாக வளர்ந்தது.

வளர்ந்த கோயிலின் வருமானத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகக் கோயிலை அண்டித் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை 1982இல் ஆரம்பித்தார். நாங்கள் அம்மனுக்குக் கொடுத்த காசு, தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையின் சோறாகவும் சட்டையாகவும் பாடசாலைக் கொப்பியாகவும் மாறியது. கோயில் என்றால் சாமி கும்பிடும் இடம் மட்டுமல்ல, பசித்த பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கவேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

அடுத்த ஆண்டே நாட்டில் போர் மூண்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயரத் தொடங்கினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெறுமையாயிற்று. அந்த மழை இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. இப்படியான ஆண்டுகளில் பெண்பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்ப்பது எவ்வளவு பாரம் என்பது, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய எந்தத் தாய்க்கும் தெரியும்.

என் மகளும் ஓர் இல்லமும்

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லவேண்டும். 1996இல் ஊர் திரும்பிய சில மாதங்களில், கடைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். தையல் மெசின் இடம்பெயர்வில் போய்விட்டது. தோட்டக் கூலியில் ஒரு நேரம் சமைத்தால் மறுநேரம் தேநீர்தான். இளையவளை ஒரு மகளிர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று தெரிந்த ஒருவர் சொன்னார்.

மூன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. “பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவள்” என்ற பேச்சுக்குத்தான் பயந்தேன். அப்போதுதான் துர்க்கை அம்மன் கோயில் மண்டபம் நினைவில் வந்தது. அங்கே முன்வரிசையில், எண்ணெய் வைத்துத் தலை பின்னி, புத்தகம் வைத்துக்கொண்டு இருந்த இல்லத்துப் பிள்ளைகளைச் சிறுமியாக நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! அவர்களை யாரும் அநாதைகள் என்று சொல்லவில்லை. “அம்மாவின்ர பிள்ளையள்” என்றுதான் சொன்னார்கள். அந்த நினைவுதான் எனக்குத் துணிவு தந்தது.

மகளைச் சேர்த்தேன். பேச்சு வந்தது, கேட்டுக்கொண்டேன். மகளும் இரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. ஆனாலும் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதை நான் விடவில்லை. உயர்தரம் வரை படித்து, இன்று அவள் ஒரு முன்பள்ளி ஆசிரியை. “என்னை ஏனம்மா விட்டனீங்கள்?” என்று ஒருநாள் கேட்டாள். “நீ படிக்கோணும் எண்டு” என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அதன் பிறகு அந்தக் கேள்வி எங்களுக்குள் வந்ததில்லை.

நாம் செய்யக்கூடியது

அம்மையாரின் பணிக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1998இல் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 2008ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பைச் செஞ்சொற்செல்வர் ஆறு. திருமுருகன் ஏற்றார்.

சகோதரிகளே, கணவரை இழந்தவள், திருமணமாகாதவள், பிள்ளை இல்லாதவள் என்று நம்மை ஓரமாக நிறுத்துகிற பழக்கம் நமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வராதே என்கிறார்கள். அந்த வார்த்தைகளை நாமே நம்பி மூலையில் குந்திவிடுகிறோம். தங்கம்மா அம்மையாருக்குக் கணவரும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. ஆனால் ஒரு கோயிலே அவரை முன்னுக்கு நிறுத்திப் பார்த்தது.

அவரைப் போல் இல்லம் நடத்த எல்லோராலும் முடியாது. ஆனால் எழுத்துத் தெரிந்தவர், அயலில் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையைப் பின்னேரம் அரை மணித்தியாலம் இருத்தி வாசிக்கப் பழக்கலாம். நான் அதைத்தான் செய்கிறேன். என் வீட்டு விறாந்தையில் இப்போது ஏழு பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். சம்பளம் இல்லை. ஒரு பாய், ஒரு கரும்பலகை, சில வெண்கட்டிகள் மட்டும்தான் செலவு.

உங்கள் பிள்ளையை ஓர் இல்லத்தில் விட நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். ஆனால் நல்ல இடமா என்று விசாரித்து விடுங்கள். விட்ட பிறகு பிள்ளையைப் பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.