வீட்டுக்குக் கேமரா: ஆள் வைத்துப் பொருத்துவதா, நாமே மாட்டுவதா?



கடைக்குக் கேமரா வைக்காத வணிகர் இப்போது குறைவு. வீட்டுக்கு வைப்பதில்தான் பலருக்கு யோசனை. நம் பகுதியில் முன்கட்டில் குடியிருப்பும் பின்கட்டில் சரக்கும் இருக்கும் வீடுகள் பல. கல்லாப் பணமும் இரவில் வீட்டில்தான் தங்குகிறது. ஆகவே வீட்டுக் காவலும் வியாபாரக் காவலே. கம்பெனி ஆளை வைத்து வயர் இழுத்துப் பொருத்துவதா, அல்லது பையன் தருவித்துக் கொடுக்கும் வைஃபை கேமராவை நாமே ஆணியடித்து மாட்டிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. முதல் வழியில் நானும், இரண்டாவது வழியில் என் உறவினர் ஒருவரும் அடிபட்டிருக்கிறோம். அந்த அனுபவத்தைக் கொண்டே எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது

எங்கள் வீட்டில் ஆள் வைத்து நான்கு கேமரா பொருத்தினோம். முகப்பில் இருக்கும் டி.வி.யில் நான்கு கட்டமாகப் படம் ஓடும். வருவோர் போவோரெல்லாம் பார்த்துப் பாராட்டினார்கள். ஒரு நாள் காலை, பின்கட்டில் அடுக்கியிருந்த முந்திரிப் பருப்பு டின்களில் பதினொன்று குறைந்தது. பதிவை ஓட்டிப் பார்க்கப் போனால், 41 நாட்களாகப் பதிவே இல்லை. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் கெட்டுப் போயிருந்தது. டிஸ்க் கெட்டாலும் டி.வி.யில் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பழுதானால் ஒலி எழுப்பும் வசதி பெட்டியிலேயே உண்டாம். அதை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். பொருத்தியவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது.

பதிவு இல்லாததால் சந்தேகம் ஆட்கள் மேல் விழுந்தது. பதினெட்டு வருஷம் எங்களிடம் மூட்டை இறக்கியவரை வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அவர் மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. சரக்கின் நஷ்டம் ஓரிரு மாதத்தில் ஈடாயிற்று. அந்த மனிதரை எவ்வளவோ கூப்பிட்டும் திரும்ப அழைத்து வர முடியவில்லை. கேமரா திருடனைக் காட்டுவதற்கு மட்டுமல்ல. நிரபராதியைக் காப்பாற்றுவதற்கும்தான் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

உறவினருக்கு நேர்ந்தது

என் உறவினர் சென்னைவாசி. ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்குத் தாமே இரண்டு வைஃபை கேமரா மாட்டினார். சென்னையில் உட்கார்ந்தபடி போனிலேயே வீட்டைப் பார்த்தார். பிறகு ஒரு மழையில் கரண்ட் போய் மோடம் நின்றது. அதைத் திரும்பப் போட ஆள் இல்லை. "இணைப்பு இல்லை" என்று போனில் வந்ததை, வழக்கமானதுதானே என்று விட்டுவிட்டார். கரண்ட் வந்த பின்னும் மோடம் உயிர் பெறவில்லை. கேமரா தன்னிடமிருந்த கார்டில் மட்டும் பதிந்துகொண்டிருந்தது. பித்தளைச் சாமான்கள் போன விஷயம் பத்து நாள் கழித்துத் தெரிந்தபோது, கார்டில் கடைசி மூன்று நாள் பதிவே மிச்சம்.

இரண்டின் நிறை குறை

ஆள் வைத்துப் பொருத்துவதில் நிறை: வயர் வழியே படம் வருவதால் தடங்கல் குறைவு, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும், எந்த உயரம், எந்தக் கோணம் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். மிக உயரத்தில் வைத்தால் தலைதான் தெரியும், முகம் தெரியாது. குறை: செலவு அதிகம், பராமரிப்புக்கு அவரையே நம்பியிருக்க வேண்டும்.

நாமே மாட்டுவதில் நிறை: இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் ஒரு கேமரா முடிந்துவிடும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் அந்த நிமிஷமே போனுக்குத் தகவல் வரும், வேண்டாத இடத்திலிருந்து கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். குறை: வைஃபை, மோடம், ரீசார்ஜ் ஆகியவற்றில் ஒன்று நின்றாலும் தகவல் நின்றுவிடும். பூனைக்கும் பல்லிக்கும் மணி அடித்தால், நாலாம் நாள் நாமே மணியை அணைத்துவிடுவோம்.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீளும் வீடுகள் இவை. சுவரின் கனமும் அதற்கேற்றபடி இருக்கும். முகப்பில் வைத்த மோடத்தின் வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டுவதே கடினம். ஆகவே பின்வாசலுக்கு வயர்தான் சரி.

பதிவு எத்தனை நாள் நிற்கும்?

இதைக் கேட்காமல் வாங்குவோரே அதிகம். கணக்கு எளிது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. ஆக, 1 டி.பி. டிஸ்க்கில் பதினோரு நாள்தான் நிற்கும். 64 ஜி.பி. கார்டில் ஒரு கேமராவுக்கே மூன்று நாள்தான். மாதம் ஒருமுறை சரக்கு எண்ணுகிறவருக்குப் பதினோரு நாள் பதிவு போதாது. குறைந்தது முப்பது நாள் நிற்கும்படி கேட்டு வாங்க வேண்டும்.

கேமரா மட்டும் காவல் ஆகாது

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சியில் லலிதா ஜுவல்லரியின் சுவரில் துளையிட்டு உள்ளே புகுந்த இருவர், சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றார்கள். கேமராக்கள் வேலை செய்தன. ஆனால் அவற்றில் பதிவானது முகமூடி! மறுநாள் இரவு திருவாரூரில் போலீசார் நடத்திய வாகனச் சோதனையில்தான் நகைப் பெட்டியோடு ஒருவர் சிக்கினார். அத்தனை பெரிய கடைக்கே அப்படி என்றால், நமக்குத் தாழ்ப்பாளும், விளக்கும், பக்கத்து வீட்டாரும் அவசியம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும் அவசியம்.

சட்டமும் பாதுகாப்பும்

களவு நடந்தால் டி.வி.யில் ஓடும் படத்தைச் செல்போனில் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், மறு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே பில், கருவியின் வரிசை எண் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பழைய பதிவு அழியுமுன் போலீசாரிடம் சொல்லி நகல் எடுக்கச் செய்யுங்கள்.

பங்காளிகள் சேர்ந்து குடியிருக்கும் வீடாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட, 2025-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பாஸ்வேர்டு விஷயத்திலும் அலட்சியம் கூடாது. 2016-இல் 'மிராய்' என்ற கேடு நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. யார் மாட்டினாலும், மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றி, அதை நம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவு

ஆள் வைத்துப் பொருத்தியதும் எங்களைக் கைவிட்டது. தாமே மாட்டியதும் உறவினரைக் கைவிட்டது. இரண்டிலும் குற்றம் ஒன்றே: பழுதானதைப் பார்க்க ஆள் இல்லை. எனவே விலையைக் கேட்குமுன், "இது நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? யார் வந்து பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். இப்போது நாங்கள் செய்வது இது:

1. முன்வாசல், பின்வாசல், சரக்கு அறை ஆகியவற்றுக்கு வயர் கேமரா. பக்கத்து ஊரிலேயே கடை வைத்திருப்பவரிடம், வருஷப் பராமரிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு பொருத்தினோம்.

2. பணம் இருக்கும் அறை வாசலுக்கு மட்டும் நாங்களே மாட்டிய வைஃபை கேமரா. நடமாட்டத் தகவல் இரண்டு பேர் போனுக்கு வரும்.

3. பதிவுப் பெட்டி, மோடம் இரண்டும் இன்வெர்ட்டரில். பெட்டி முகப்பில் இல்லை, பூட்டிய அலமாரியில்.

4. சனிக்கிழமைதோறும் முந்தின நாள் இரவுப் பதிவை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது. கேமரா முன் கட்டிய சிலந்தி வலையைத் துடைப்பதும் அன்றுதான்.

பூட்டிய வீடு வைத்திருப்போர், மோடத்தை அணைத்துப் போட ஊரில் ஒரு நம்பிக்கையான ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். கேமராவின் விலையில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இரவு கல்லாவை எண்ணாமல் நாம் தூங்குவதில்லை. பதிவு ஓடுகிறதா என்று பார்ப்பதையும் அந்த வழக்கத்தோடு சேர்த்துக்கொண்டால், யார் பொருத்திய கேமராவானாலும் உதவும். சங்க அன்பர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.