ஜாக்ரெப் நகரத்து டைம் கீப்பர்

முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. வண்டி ஊருக்குள் நுழைந்து வந்ததா, பைபாஸிலேயே பறந்து வந்ததா என்று டிரைவரைக் கேட்க வேண்டியதில்லை. வந்த நேரமே சொல்லிவிடும்.

பேத்தியின் சமூக அறிவியல் புத்தகத்தில் 'மோஹோ எல்லை' என்று அரை வரி பார்த்தேன். பூமியின் மேலோடு முடிந்து கவசம் தொடங்குகிற இடமாம். பக்கத்தில் அவித்த முட்டையை அறுத்து வைத்ததுபோல ஒரு படம். அறுத்தது யார் என்று புத்தகத்தில் இல்லை. தேடிப் படித்தேன். யாரும் அறுக்கவில்லை. கண்டுபிடித்தவர் நம்ம டிப்பார்ட்மென்ட்டுக்காரர்!

ஆந்த்ரியா மொஹோரொவிச்சிச், 1857-ல் அட்ரியாட்டிக் கடலோரத்து வொலோஸ்கோவில் கொல்லர் மகனாகப் பிறந்தவர். ப்ராகில் படித்துவிட்டு, பாகர் என்ற ஊரில் கப்பல் பள்ளி வாத்தியாராக இருந்தார். அவருக்கு அப்போது மேகங்கள் மேல்தான் பித்து. 1892-ல் ஜாக்ரெப் வானிலை ஆய்வகத்தின் தலைவரானார். நிலநடுக்கம் பக்கம் திரும்பியது பிற்பாடுதான்.

1909 அக்டோபர் 8. ஜாக்ரெப்புக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூமி அதிர்ந்தது. ஆய்வகத்தில் ஜெர்மானியர் வீகெர்ட் வடிவமைத்த அதிர்வுமானி தயாராக இருந்தது. 80 கிலோ எடைக்கட்டி, அதோடு இணைந்த ஊசி, புகைக்கரி பூசிய காகிதம். தரை ஆடினால் ஊசி கரியில் கோடு கீறும். மொஹோரொவிச்சிச் தன் காகிதத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பாவின் மற்ற நிலையங்களிலிருந்தும் பதிவுகளை வரவழைத்து, எந்த ஊருக்கு அலை எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை விநாடிக்கு வந்தது என்று வரிசையாக எழுதினார்.

நிலநடுக்கத்திலிருந்து இரண்டு வகை அலைகள் உள்ளே ஓடிவரும். பாறையை அமுக்கி அமுக்கி முன்னே வருவது பி அலை. பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு பின்னால் வருவது எஸ் அலை. ஆனால் சில ஊர்ப் பதிவுகளில் பி இரண்டு தடவை வந்திருந்தது, எஸ்ஸும் இரண்டு தடவை. ஒரே வண்டி இரண்டு தடவை உள்ளே வருமா?

திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வண்டி கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழைய ரோட்டில் நேராகப் போகிறது. இன்னொன்று சுற்றிப்போய் நாலுவழிச் சாலையைப் பிடிக்கிறது. விராலிமலையில் பழைய ரோட்டு வண்டி முதலில் வரும். மதுரையில் நாலுவழி வண்டி முந்திவிடும். வழியிலுள்ள ஊர்களின் டைம் கீப்பர் நோட்டுகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், வேகமான ரோடு ஒன்று இருப்பது தெரிந்துவிடும். அதைப் பிடிக்க எவ்வளவு சுற்றினார்கள் என்றும் கணக்குப் போடலாம்.

அலைகளுக்கு அந்த நாலுவழிச் சாலை கீழே இருக்கிறது. மேல் பாறையில் பி அலை நொடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே திடுதிப்பென்று 8-ஐ நெருங்குகிறது, பாறையின் ரகமே வேறு என்பதால். அங்கே இறங்கி, எல்லையை ஒட்டி ஓடி, மறுபடி மேலே ஏறிய அலை தூரத்து ஊர்களில் முந்திக்கொண்டது. அந்தச் சுற்றைக் கணக்கிட்டு, எல்லை 54 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாக 1910-ல் வெளியிட்டார். கண்டங்களின் அடியில் சராசரி 35 கிலோமீட்டர் போல, கடல்தரைக்குக் கீழே ஏழு போல, திபெத்தின் அடியில் சுமார் 70 என்பது இன்றைய கணக்கு.

இதில் என்னை அசத்தியது விநாடிக் கணக்குதான். கடிகாரம் ஒரு விநாடி தப்பினால் அலை ஆறேழு கிலோமீட்டர் தப்பிவிடும். நான் வேலை பார்த்த ஒரு ஸ்டாண்டில் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஒரு நல்ல டிரைவருக்கு மெமோ எழுதினேன். அந்தக் கடிகாரத்தில் மொஹோரொவிச்சிச் கணக்குப் போட்டிருந்தால் ஒரு எல்லையும் அகப்பட்டிருக்காது.

எல்லையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1961-ல் அமெரிக்கர்கள், மேலோடு மெல்லியதாக இருக்கும் கடலில் துளைத்தால் சுலபம் என்று மெக்ஸிகோவுக்கு அப்பால் குவாதலூப் தீவருகே கப்பலை நிறுத்தினார்கள். கடல்தரைக்குக் கீழே 183 மீட்டர் போனார்கள். செலவு ஏற ஏற, 1966-ல் அவர்கள் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது. ரஷ்யர்கள் கோலா தீபகற்பத்தில் 12,262 மீட்டர் வரை துளைத்தார்கள். அங்கே மேலோட்டின் தடிமனில் அது மூன்றில் ஒரு பங்குதான். மேலோட்டை முழுக்கத் துளைத்து அந்த எல்லையைத் தொட்டவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.