கொட்டகை அம்பாசிடரில் கை வைப்பதற்கு முன்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்டாச்சிபுரம், வேட்டவலம் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் கல்யாணமோ பிரசவமோ, வாசலில் வந்து நின்றது அம்பாசிடர்தான். ஓட்டியவர் காலமானபின் அப்படிப்பட்ட வண்டிகள் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் ஆசை வந்திருக்கிறது. கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு இறங்கிவிடுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் திறந்து பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை.

வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-வது விதி இதற்கென்றே இருக்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் இதை யார் நினைக்கிறார்கள்? பத்து வருடம் கழித்துதான் ஞாபகம் வருகிறது. அப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. தாமதக் கட்டணமும் அலைச்சலும் கூடும், அவ்வளவுதான். கண்டாச்சிபுரம் தனி வட்டமாகிவிட்டதால் வாரிசு சான்றிதழுக்கு உள்ளூர் வட்டாட்சியர் அலுவலகமே போதும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வாரிசுகள் பலர் இருந்தால், யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் மற்றவர்களின் சம்மதக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. வண்டி பளபளவென்று ஆனபிறகு பங்காளிகளின் மனசு மாறுவது புதிதல்ல.

பழைய காகித ஆர்.சி. புத்தகங்களில் பல, ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறியே இருக்காது. விழுப்புரம் (டி.என். 32) அல்லது திண்டிவனம் (டி.என். 16) அலுவலகத்தில், எங்கே பதிவோ அங்கே, ‘பேக்லாக் என்ட்ரி’ போடச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஏறாமல் ஆன்லைனில் ஒரு வேலையும் நகராது. புதுச்சேரி பதிவெண் உள்ள வண்டி என்றால் படிவம் 28-ல் அங்கிருந்து தடையின்மைச் சான்று தேவை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். பக்கத்து ஊர்தானே என்று புதுச்சேரி எண்ணோடு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இந்த மாவட்டத்தில் கொஞ்சம் கவனிக்கட்டும்.

அடுத்து, ‘பதினைந்து வருசம் ஆனா வண்டியை ஒடைச்சுடணுமாமே’ என்ற பயம். அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் சொந்தக் கார்களுக்கு இல்லை. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற கட்டுப்பாடு டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் வந்தது. இங்கே பதிவின் ஆயுள் 15 ஆண்டு. அதன்பின் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பம் படிவம் 25. கட்டணம்தான் ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014 மே மாதம். அந்தக் கடைசி வண்டிகளுக்கே 2029-ல் 15 வயது ஆகிவிடும். ஆகவே ‘காருக்கு வயசாகிவிட்டது’ என்று சொல்லிக் காயலான் கடை விலைக்குக் கேட்கும் தரகரிடம் ஏமாற வேண்டியதில்லை.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு இன்னொரு வாசல் உண்டு. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளின்படி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி எண் தருகிறார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் விண்டேஜ் பதிவு எடுத்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும்தான் சாலையில் இறங்கலாம். தினமும் விழுப்புரம் போய்வர முடியாது. தாத்தா வண்டியில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக நினைப்பவருக்கு இது தோதுப்படாது.

இனி முக்கியமான கோட்டுக்கு வருவோம். சொந்த வண்டியைச் சொந்தக் கையால் கழற்றி மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். பழுதுபார்க்கலாம், மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதுதான். தயாரித்தவர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றம் செய்யக் கூடாது என்பதைக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மீறினால், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்று 182ஏ பிரிவு சொல்கிறது.

அம்பாசிடர் விஷயத்தில் இது வெறும் காகிதச் சட்டமல்ல. பெட்ரோல் வண்டியில் மேட்டடார் டீசல் இன்ஜினைத் தூக்கி வைப்பது நம் பட்டறைகளில் பழைய வழக்கம். ஆர்.சி.யில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தின் பதிவு) வாங்காமல் செய்த அந்த வேலை, வண்டி கைமாறி மூன்றாவது ஆளிடம் வந்து பதிவு புதுப்பிக்கும்போது வெடிக்கிறது: ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல். பழைய கார் வாங்குபவர் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன், இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். எண் பதித்த இடத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். வீட்டுச் சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது குற்றம், நகரும் வெடிகுண்டும்கூட.

உதிரி பாகத்துக்கும் உரிமை உண்டா? 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அசல் உதிரி பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பட்டியலில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனாலும், ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற பேச்சு இந்தியாவில் வேர்விட்டது அங்கிருந்துதான். 2022-ல் மத்திய நுகர்வோர் துறை இதற்கென இணையதளம் தொடங்கியபோது வாகனத் துறையையும் சேர்த்தது. தயாரிப்பே நின்றுபோன வண்டிக்கு இது பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தே தீர வேண்டும். அங்கே எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். திருட்டு வண்டியிலிருந்து கழற்றிய பாகம் என்று நாளை போலீஸ் வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

சட்டம் இவ்வளவு. உயிர் போகும் இடங்கள் வேறு.

அம்பாசிடரின் கீழே படுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. அம்பாசிடருக்குக் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கொட்டகையில் பல மழைக்காலம் ஈரத்தில் நின்ற வண்டியின் தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் உள்ளுக்குள்ளேயே துருவேறிப் போயிருக்கும். வெளியே பெயிண்ட் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஜாக்கியை அங்கே கொடுத்துத் தூக்கினால் தகடு பொத்துக்கொண்டு வண்டி அப்படியே இறங்கும். முதலில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்று கேட்டால் சரி, ‘பொத்’ என்றால் அங்கே ஜாக்கி வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது.

அடுத்த எமன் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இளகி, வெடித்து, சூடான இன்ஜின்மேல் சொட்டும். வண்டியைக் கிளப்புவதற்கு முன் இவற்றை மாற்றுவது ஆகும் செலவிலேயே மலிவானது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய கொட்டகையில் தரையோடு படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். காலி டேங்கில் வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்கில் வைப்பதைவிட ஆபத்து. பேட்டரியில் முதலில் எர்த் டெர்மினலைக் கழற்ற வேண்டும். அது நெகட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்ட வேண்டாம். அறுபதுகளின் பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும் என்பதால் அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கழிவு ஆயிலைக் கரையானுக்கு அடிக்கிறேன் என்று கிணற்றடி மரத்தில் ஊற்றுவது இன்னும் போகவில்லை. அது சட்டப்படி அபாயகரக் கழிவு, நாளைக்குக் குடிக்கும் தண்ணீரில் வந்து சேரும்.

பிரேக்கை மட்டும் கற்றுக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாடல்களில் பிரேக் லைன் ஒரே சுற்று. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்திலும் பிடி போய்விடும். அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு மற்றதை வீட்டில் பார்க்கலாம். ‘தெருக்கோடி வரைக்கும்தானே’ என்று இன்ஷூரன்ஸ் இல்லாமல் சோதனை ஓட்டம் எடுப்பதும் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் இறங்கினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ உண்டு. யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு முழுவதும் சொந்த நிலத்தை விற்றுக் கொடுப்பதாகிவிடும்.

பட்டறையோடு வரும் தகராறுதான் அதிகம். டிங்கரிங், பெயின்டிங் என்று முன்பணம் வாங்கி, ‘அடுத்த வாரம்ண்ணே’ என்று சொல்லிச் சொல்லி வண்டி இரண்டு வருடம் வெயிலில் நிற்கும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இரண்டு பக்கமும் நியாயம் சொல்கிறது. விட்ட வண்டியைத் தன் பொருளைப்போல் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது பட்டறைக்காரர் கடமை. கார்புரேட்டரோ டைனமோவோ காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதேபோல், செய்து முடித்த வேலைக்குக் கூலி வராவிட்டால் வண்டியைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆகவே விடும்போதே வேலை விவரம், மதிப்பீடு, தேதி, வண்டியில் உள்ள பாகங்கள், கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்துவைக்க வேண்டும். பில் கொடுக்க மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

பேசித் தீரவில்லையென்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இலவச சட்ட உதவிக்கு 15100. ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள் இந்த இரண்டு எண்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.