குத்தகை வீடும் கால நீட்டிப்பும் - ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து

‘லீஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் ஓசூர்த் தெருக்களில் பெற்றுள்ள பொருள் சட்டநூல் கூறும் பொருளினின்றும் சற்றே விலகியது. சட்டத்தில் அது குத்தகையைக் குறிக்கும். 1971இல் தோற்றுவிக்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஆலைகளுக்கு 99 ஆண்டுக் காலத்திற்கு மனைகளை வழங்கிவருவது அவ்வகையினது. தெருவில் வழங்கும் ‘லீஸோ’ வேறு. பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டோ மூன்றோ ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் முறையே அது. நம் முன்னோர் இதனை ஒற்றி என்றும் போக்கியம் என்றும் வழங்கினர். எல்லைக்கு அப்பால் கன்னடத்தாரும் போக்கியம் என்றே கூறுவர்.

அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் 1980களில் இங்கு வேரூன்றியபின், வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியோர் பலர். பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே ஆதலின், அங்குப் பணிபுரிந்து இங்குக் குடியிருப்போரும் உளர். இவர்களுள் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் ஒரு வீட்டுக்காரரிடம் ஒப்படைத்திருக்கக்கூடும். காலம் முடிந்ததும் ‘இன்னும் ஈராண்டு இருந்துகொள்ளுங்கள்’ என்று வீட்டுக்காரர் வாய்மொழியாகக் கூறுவார். இவரும் மகிழ்ந்து இருந்துவிடுவார். இடர் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பெற்ற ஆவணத்தால் மட்டுமே அமையும் என்கிறது (பிரிவு 107). முதல் ஆவணம் பதிவாகியிருந்தாலும், ஈராண்டு நீட்டிக்கும் வாய்ச்சொல் அத்தகுதியைப் பெறாது. நீட்டிப்பு, புதுப்பிப்பு என்னும் இரண்டும் ஒன்றல்ல என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. முதல் ஆவணத்திலேயே நீட்டிப்புக்கு வழி கூறப்பட்டு, அந்நிபந்தனை நிறைவேறுமாயின் பழைய குத்தகையே தொடரும். புதுப்பிப்பாயின் புதிய ஆவணம் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1989இல் ஒரு வழக்கில் பிரித்துக் காட்டிற்று. புதுப்பிக்கும் உரிமையைக் குறித்த காலத்திற்குள் கோராதவர் அதனை இழப்பர் என்பதை 1969ஆம் ஆண்டின் கால்டெக்ஸ் வழக்கு உணர்த்துகிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இடைக்காலத்தில் வீட்டுக்காரர் அவ்வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருப்பின், அதன்பின் எழுதப்பெறும் புதிய ஆவணம் அடமானத்திற்குப் பிற்பட்டதாகிவிடும். கடன் தவணை தவறி, 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வருங்கால், முற்பட்ட குத்தகைக்குரிய காப்பு பிற்பட்டதற்குக் கிட்டுவது அரிது. ஆகவே நீட்டிக்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தல் வேண்டும். மூலப்பத்திரத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது வீட்டுக்காரர் கையில் இல்லையெனில், எங்கே உள்ளது எனக் கேட்க நாணவேண்டியதில்லை.

ஆவணத்தின் பெயரினும் அதன் வாசகமே முதன்மையானது. கொடுத்த தொகை கடனாகவும், அதற்கு ஈடாக வீடு நம் வசமும் இருக்குமாறு எழுதிப் பதிவு செய்யின், அது பிரிவு 58 கூறும் போக்கிய அடமானமாம். பணம் திரும்பக் கிடைக்கும்வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை அதில் உண்டு. வெறும் குத்தகை என எழுதின், காலம் முடிந்ததும் வீட்டை விடவேண்டிய கடமை ஒருபுறமும், முன்பணத்தைக் கேட்டு அலைய வேண்டிய நிலை மறுபுறமும் வந்து சேரும். முத்திரைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு மடித்து வைக்கும் வழக்கத்தால் இவ்விரண்டில் எதுவும் முறையாக அமைவதில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து வடிவ ஒப்பந்தத்தையே வேண்டுகிறது. பெரியோர் முன்னிலையில் பேசி முடித்தல் நம்மிடையே நன்மரபே. ஆயினும் அவர்தம் சாட்சியம் பதிவுக்கு ஈடாகாது.

தென்கொரியாவிலும் ‘ஜொன்ஸே’ என்னும் இதே முறை உண்டு. அங்கு 2020இல் செய்த சட்டத்திருத்தம் குடியிருப்போர்க்கு ஒருமுறை ஈராண்டு நீட்டிப்பைக் கோரும் உரிமையை அளித்து, தொகை உயர்வையும் 5 விழுக்காட்டுக்குள் அடக்கிற்று. அவ்வளவு செய்தும் முன்பணத்தை இழந்தோர் பெருகவே, 2023இல் அவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. நம் நாட்டில் இம்முறைக்கு அத்தகைய நீட்டிப்புரிமை இல்லை. ஆவணத்தில் எழுதியதே உரிமை.

நீட்டிப்பின்போது கூடுதல் தொகை கேட்கப்படின் அதனை வங்கி வழியே செலுத்தி, பழைய தொகையும் சேர்த்து மொத்தத் தொகை இவ்வளவு எனப் புதிய ஆவணத்தில் குறிப்பிடுதல் நலம். பணம் திரும்பப் பெறுதலும் சாவி ஒப்படைத்தலும் ஒரே நாளில் நிகழ்தல் வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்க்கும் இதில் அக்கறை உண்டு. பதிவு செய்த போக்கியத்திற்குப் பணம் தீர்ந்தபின் இரசீது ஆவணமும் பதிவாகாவிடின், வில்லங்கச் சான்றில் அப்பதிவு நிலைத்து, பின்னாளில் அவர் வீட்டை விற்க முயலும்போது தடையாகும்.