காதற் புதினமும் அதனைப் படிப்போரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆய்வு மாணவியொருவர், மாத நாவல்களாக வெளிவரும் காதற் கதைகளைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்ள விரும்பி எம்மிடம் வந்தார். பொருளை முடிவு செய்யும் கூட்டத்தில் அவருக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ‘இவை இலக்கியமல்ல, எனவே ஆராய்தற்குரியன அல்ல’ என்பது ஒன்று. ‘இவை பெண்களின் சிந்தனையை மழுக்குவன, அக்கேட்டினை எடுத்துக்காட்டுவதாயின் ஆராயலாம்’ என்பது மற்றொன்று. முதலாவது கண்டிப்புடையது போலவும் இரண்டாவது இசைவுடையது போலவும் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரு வேரில் தோன்றியவையே. நூல்களைத் திறந்து பாராமலும், அவற்றைப் படிப்போரிடம் ஒரு சொல்லும் வினவாமலும் கூறப்பெற்றவை அவ்விரு விடைகளும். அக்கூட்டத்தில் யாமும் இருந்தோம், வாய் திறந்திலேம்.

ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் இதே வினா அரை நூற்றாண்டாக வாதிக்கப்பெற்று வருகின்றது. அவ்வாதத்தின் போக்கினை அறிந்துகொள்வது, இத்துறையில் புகுவார் எங்கெங்கு இடறுவர் என்பதை முன்னரே காட்டும். ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

முதற்கண், ஆராயப்பெறும் பொருள் யாதென்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். காதலை இடையே கொண்ட புதினமெல்லாம் இவ்வகையுள் அடங்கா. இருவர்தம் காதலே கதையின் நடுநாடியாக அமைதலும், அது இன்பத்தில் முடிதலும் ஆகிய இரண்டும் இவ்வகைக்கு இன்றியமையாதன. இவற்றை வெளியிட்டோருள் பெயர்பெற்றது மில்ஸ் அண்ட் பூன் என்னும் பதிப்பகம். 1908-இல் இலண்டனில் தொடங்கப்பெற்றபோது அது பலவகை நூல்களையும் வெளியிட்டு வந்தது. 1930-களிலேயே காதற் புதினத்தைத் தன் தனித்தொழிலாக்கிக் கொண்டது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1949-இல் தோன்றிய ஹார்லெக்வின் நிறுவனம் 1957 முதல் அந்நூல்களை மலிவுப் பதிப்பாக வெளியிட்டு, 1971-இல் அப்பதிப்பகத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. திங்கள்தோறும் புதியன வரும். பழையன கடைத்தட்டிலிருந்து நீங்கும். நூலின் உருவும் இதழின் வாழ்நாளும் உடையவை இவை.

தொடக்கக்காலத் திறனாய்வாளர் இவற்றைக் குறித்துக் கடுஞ்சொல்லே கூறினர். 1932-இல் க்யூ. டி. லீவிஸ் அம்மையார் பொதுமக்கள் படிக்கும் புனைகதையை மயக்கப் பழக்கத்தோடு ஒப்பிட்டார். ஜெர்மேன் கிரீர் 1970-இல் வெளியிட்ட நூலில், காதற் புதினத்தின் தலைவனைப் பெண்களே தம் தளையை விரும்பிப் படைத்துக்கொண்டதாகச் சாடினார். டானியா மோடில்ஸ்கி 1982-இல் எழுதிய ஆய்வு இவற்றினும் நுட்பமானது. தலைவன் முற்பகுதியில் கடுமையாக நடந்துகொள்கின்றான். அக்கடுமையும் காதலின் மறைவான வடிவமே என்பது கதையின் இறுதியில் வெளிப்படுகின்றது. முடிவினை முன்னரே அறிந்து படிக்கும் பெண்ணுக்கு, தலைவிக்குத் தெரியாதது தெரிந்திருக்கின்றது. இவ்விடைவெளியில் ஆடவர்பால் பெண்டிர் கொண்ட சினமும் ஒளிந்து நிற்கின்றது என்று அவர் காட்டினார். படிப்போரைப் பேதையர் என ஒதுக்காமல், அவர்தம் உள்ளத்தில் ஒரு போராட்டம் நிகழ்வதாக அவர் கண்டது பாராட்டற்குரியது. எனினும் அப்போராட்டத்தை அவர் நூலிலிருந்து உய்த்துணர்ந்தாரேயன்றி, படித்த பெண்களிடம் கேட்டறிந்தாரல்லர்.

கேட்டறிந்தவர் ஜானிஸ் ராட்வே. 1984-இல் வெளிவந்த ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்னும் அவர்தம் நூல் இத்துறையின் திருப்புமுனை. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஊரொன்றை அவர் தேர்ந்துகொண்டார். அதற்கு ‘ஸ்மித்தன்’ எனப் புனைபெயர் இட்டார். அங்குப் புத்தகக் கடையொன்றில் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் காதற் புதினங்களை நிறையப் படித்துத் தரம் பிரித்துத் தம் வாடிக்கையாளர்க்குப் பரிந்துரைத்து வந்தார்; செய்தி மடலும் வெளியிட்டார். அவரை ‘டாட்’ என்னும் பெயரால் ராட்வே குறிப்பிடுகின்றார். அவர் வழியாக 42 பெண்கள் வினாநிரலுக்கு விடையளித்தனர். அவருடைய வாடிக்கையாளருள் 16 பேரோடு நீண்ட உரையாடலும் நிகழ்ந்தது. தொகை சிறிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதுவரை எவரும் இவ்வளவும் செய்தாரில்லை.

அப்பெண்களிற் பெரும்பாலார் மணமானவர், மக்களைப் பெற்றவர். ‘இந்நூல்களை ஏன் படிக்கின்றீர்கள்?’ என்று கேட்டபோது அவர்கள் கதையைப்பற்றிக் கூறியதைக் காட்டிலும் படிக்கும் நேரத்தைப்பற்றியே மிகுதியாகக் கூறினர். கணவற்கும் மக்கட்கும் நாள் முழுதும் பணிசெய்யும் ஒருத்தி கையில் நூலை எடுத்துவிட்டால், அந்நேரம் அவளுக்கே உரியது. நூல் இங்கே ஒரு கதவாக நிற்கின்றது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்பதைவிட, அது அடைத்திருக்கின்றது என்பதே அவர்க்குப் பெரிது. நூல்களை மட்டும் ஆராய்ந்த எவர்க்கும் இவ்வுண்மை புலப்பட்டிருக்க வழியில்லை. இஃது எந்தப் பக்கத்திலும் அச்சிடப்படவில்லை அன்றோ!

இன்னொன்றும் அவ்வுரையாடலில் வெளிப்பட்டது. ‘எல்லாம் ஒன்றே’ என்று வெளியார் கூறும் அந்நூல்களுக்குள் அப்பெண்கள் கூர்மையாக வேறுபாடு கண்டனர். அறிவும் துணிவுமுடைய தலைவியை விரும்பினர். மென்மை கலவாத தலைவனை வெறுத்தனர். வன்முறை மிக்க கதையையும் துயரில் முடியும் கதையையும் தள்ளினர். சிலர் வாங்கும் முன்னரே இறுதிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தனர். அவர்கள் சிறந்தவை எனச் சுட்டிய இருபது நூல்களை எடுத்துக்கொண்டு, உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் நாட்டுப்புறக் கதைகட்கு வகுத்த முறையைத் தழுவி, பதின்மூன்று கதைக்கூறுகளை ராட்வே வகுத்தார். தலைவி தன் சமுதாய அடையாளத்தை இழப்பதில் தொடங்கி, அதனை மீளப் பெறுவதில் முடியும் நிரல் அது. நல்ல நூல் எது என்பதைப் படிப்போரே தீர்மானிக்க, அதன்மேல் கதையமைப்பு ஆராய்ச்சி எழுப்பப்பெற்ற இம்முறை எம்மைப் பெரிதும் கவர்கின்றது. பிராப் முறையை எடுத்தாளும் நம் ஆய்வேடுகளிற் பல, கதைகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே கூறுவதில்லை.

ஆயினும் நூலின் முடிவில் ராட்வே எய்தியது இருதலைப்பட்ட தீர்ப்பு. படிக்கும் செயல் இல்லறக் கடமைக்கு எதிரான சிறு மறுப்பு. படிக்கப்பெறும் கதையோ ஆணாதிக்க இல்லறத்திற்கே பெண்ணைத் திருப்பி அனுப்புகின்றது என்பது அவர் கொள்கை. இரண்டாம் பகுதியை நிறுவ அவர் நான்சி சோடரோவின் உளப்பகுப்பாய்வுக் கோட்பாட்டைத் துணைக்கொண்டார். தாயிடம் பெற்ற பேணலைக் கணவனிடம் பெறாத பெண், அதனைக் கதைத்தலைவனிடம் பெறுகின்றாள் என்பது விளக்கம். இவ்விடத்தில்தான் எமக்கு ஐயம் எழுகின்றது. அப்பெண்கள் தாம் கூறியதை ஆசிரியர் கேட்டார். கேட்டபின், அவர்க்கே தெரியாத காரணமொன்றை அவர்க்காகக் கூறினார். படிப்போரைச் சான்றாக அழைத்துவிட்டுத் தீர்ப்பினைத் தாமே வைத்துக்கொள்வது நேர்மையா? கோட்பாடு ஏதுமின்றிக் கேட்டதை மட்டும் எழுதுவது ஆராய்ச்சியாகாது என்பதும் உண்மையே. 1991-இல் வந்த பதிப்புக்கு எழுதிய புதிய முன்னுரையில் ராட்வே தம் ஆய்வினைத் தாமே மீள்பார்வை செய்தார். அத்தகைய முன்னுரை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

மறுமொழி வேறு திசையிலிருந்தும் வந்தது. 1992-இல் ஜேன் ஆன் கிரென்ட்ஸ் தொகுத்த நூலில் காதற் புதின ஆசிரியைகளே தம் கலையைப்பற்றி எழுதினர். ஆராயப்பெறும் பொருளாக இருந்தோர் ஆராய்வோராக மாறினர். 2003-இல் பமேலா ரீஜிஸ், புதினத்தின் வடிவத்தையே முன்வைத்து ஒரு வரலாறு எழுதினார். குறையுடைய சமுதாயத்தை வரையறுத்தல், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைக் கூறல், எல்லாம் அழிந்ததெனத் தோன்றும் சாவுச்சாயல், தடையை வெல்லும் உணர்வுத்தெளிவு, மணவுறுதி என எட்டு உறுப்புக்களை அவர் வகுத்தார். ரிச்சர்ட்சனின் ‘பமேலா’ (1740), ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) முதலியவற்றிலும் நோரா ராபர்ட்ஸின் இக்காலப் புதினங்களிலும் அவ்வுறுப்புக்கள் ஒருங்கே அமைந்திருத்தலைக் காட்டினார். சில நூல்களைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கானவற்றைப்பற்றி முடிவு கூறும் பழைய திறனாய்வாளரின் போக்கினை அவர் கண்டித்தது தக்கதே. எனினும் பெரும் பெயர்களோடு உறவு காட்டிச் சிறுமை நீக்க முயலும் அம்முறையில், இகழ்ச்சிக்கு அஞ்சும் குரலும் சற்றே கேட்கின்றது.

‘வாய்பாட்டுக் கதை’ என்னும் இகழ்ச்சியைத் தமிழ் பயின்றோர் அவ்வளவு எளிதாக எடுத்தாளுதல் இயலாது. அகப்பாடலில் தலைமக்கட்குப் பெயரில்லை. நிகழ்ச்சியும் கூற்றும் வரையறுக்கப்பெற்றவை. திருக்கோவையாரின் நானூறு பாடல்களும் இயற்கைப் புணர்ச்சி தொடங்கி நிரல்பட அமைந்த துறைகளிலேயே செல்கின்றன. அவ்வமைப்பினைக் குறையென எவரும் கூறுவதில்லை. துறைக்குள் புலவன் செய்த நுண்மையையே நாடுகின்றோம். இதனால் மாத நாவலும் அகப்பாடலும் ஒரு தரத்தன என்று யாம் கூறியதாக எவரும் கொள்ளற்க. வரையறுத்த அமைப்பு என்பது மட்டுமே ஒரு நூலைத் தள்ளுதற்குப் போதிய காரணமாகாது என்பதே எம் கருத்து. இவ்வொப்பீடு ஒரு வேற்றுமையையும் புலப்படுத்துகின்றது. ரீஜிஸ் வகுத்த உறுப்புக்கள் மணவுறுதியோடு நின்றுவிடுகின்றன. கோவையோ வரைவுக்குப் பின்னும் பல பிரிவுகளைப் பாடிப் பரத்தையிற் பிரிவில் முடிகின்றது. தமிழ் மாத நாவல்களிலும் திருமணத்தில் தொடங்கி, மணந்தபின் காதல் அரும்பும் கதைகள் பல உள. உறுப்புக்கள் முன்பின்னாக வரலாம் என ரீஜிஸ் இசைவார். ஆயினும் மணமே தடையாக நிற்கும் கதையை அவர் நிரலில் எங்கு வைப்பது என்பது தனியே ஆராய்தற்குரியது.

மேலைநாட்டு முடிபுகளை ஈண்டு அப்படியே கொணர்தல் தவறாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இராதிகா பரமேசுவரன் ஐதராபாத்துக் கல்லூரி மாணவியர் மில்ஸ் அண்ட் பூன் நூல்களைப் படிக்கும் முறையை நேரில் ஆராய்ந்து, 1999-இலும் 2002-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். நூல்கள் அவையே, படிப்போர் வேறு. ஸ்மித்தன் பெண்கள் மணமான தாயர். இவரோ மணமாகாத இளம்பெண்கள். அவர்க்கு ஆங்கிலம் வீட்டுமொழி. இவர்க்கு ஆங்கில நூலைக் கையில் ஏந்துதலே ஒரு தகுதி. வாடகை நூல்நிலையத்தில் எடுத்து, தோழியரோடு மாற்றிப் படித்து, ஆங்கிலப் பயிற்சி என்று வீட்டாரிடம் கூறவும் இவர்க்கு இயலும். அங்கே கதவாக நின்ற நூல் இங்கே சாளரமாகின்றது. பொருள் நூலினுள் மட்டும் இருப்பின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமேது?

2009-இல் இத்துறைக்கென அனைத்துலகக் கழகமும், 2010-இல் தனி ஆய்விதழும் தோன்றின. எனினும் ஆராய்ச்சிக்கு முதல் தேவை நூல்களே. அமெரிக்காவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகம் 1969-லேயே பொதுமக்கள் பண்பாட்டு நூலகம் ஒன்றை நிறுவியது. நமக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் தனிமுயற்சியால் ஒரு பெருந்தொகுப்புக் கிடைத்தது; அதனைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தனியொருவர் பொருட்படுத்தித் தொகுத்தவற்றைப் பல்கலைக்கழகத் துறைகள் எத்துணை தொகுத்தன என்று கேட்டுப் பார்த்தல் நலம். பேருந்து நிலையக் கடையில் வாங்கி, பலர் கைமாறி, அட்டை கிழிந்து, எடைக்குப் போடப்பெறும் நூலுக்கு நூலகப் பதிவெண் கிடைப்பதில்லை. பதிப்பு எண்ணும் ஆண்டும் இல்லாத படிகளும் உள. சுவடி தேடி ஊரூராக அலைந்த முன்னோரின் வழிவந்த நமக்கு இப்பணி புதியதன்று, இழிவானதும் அன்று.

எம் மாணவி இறுதியில் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டு பட்டம் பெற்றார். ஆயினும் கூட்டத்திற்கு முன்னரே அவர் ஒரு வாடகை நூல்நிலையத்தில் சிலரை வினவிப் பார்த்திருந்தார். அவருள் நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார், விடை கூறுமுன் ஒரு வினாவை எழுப்பினாராம்: “நீ எத்தனை படிச்சிருக்கே, அம்மா?” மாணவி நான்கு என்றார். “இன்னும் ஒரு இருபது படிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்று கூறிவிட்டு, அந்த இருபதையும் தாமே தட்டிலிருந்து எடுத்து அடுக்கினாராம். அப்பட்டியலை மாணவி எம்மிடம் தந்திருந்தார். கூட்டம் நடந்த அன்று அது எம் பையிலேயே இருந்தது. அதிலுள்ள நூல்களுள் ஒன்பதே இதுகாறும் எமக்குக் கிடைத்துள்ளன.