சாம்பலை வானில் எறிந்தவள்

ஆதிக் கதைகளின் தடத்தில் – 9

போன வாரம் காபோவின் கதையில் நிறுத்தியிருந்தேன். கால்நடை திருடியதாகக் கேப் டவுனில் சிறைப்பட்டு, 1871-இல் மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக்கின் வீட்டுக்கு வந்துசேர்ந்த, ஹாம் என்னும் புஷ்மென் இனத்து முதியவர். அவர் பெயருக்குக் 'கனவு' என்று பொருள். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொல்லச் சொல்ல, பிளீக்கும் அவருடைய மைத்துனி லூசி லாயிடும் எழுதிய நோட்டுகள் 12,000 பக்கங்களைத் தாண்டும்.

அந்தப் பக்கங்களில் பெயரில்லாத ஒரு சிறுமி திரும்பத் திரும்ப வருகிறாள். அப்போதுதான் வயதுக்கு வந்தவள். சிறு குடிசையில் தனியே படுத்திருக்கிறாள். இளைஞர்கள் வேட்டையாடிய இறைச்சியை அவள் தொடக்கூடாது. அவள் எச்சில் பட்டால் அவர்களுடைய வில் 'குளிர்ந்து' போகும், அம்பு வேலை செய்யாது. அப்பா கொண்டுவருவது மட்டும்தான் அவளுக்கு.

ஒரு நாள் அம்மா கொடுத்த கிழங்கு போதவில்லை. கோபத்தில் எழுந்தவள், அடுப்புச் சாம்பலை இரு கைகளாலும் அள்ளி வானத்தில் வீசினாள். அது பால்வீதியாயிற்று. கிழங்குகளையும் எறிந்தாள். முற்றியவை சிவந்த விண்மீன்கள், இளசுகள் வெண்மீன்கள். இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்குத் தரை தெரிவது அந்தச் சாம்பலின் மெல்லிய வெளிச்சத்தில்தான் என்று சொல்கிறது கதை. சொன்னவர் அதைத் தம் தாயிடம் கேட்டவர். குடிசைக்கு வெளியே கால்வைக்கக் கூடாதவள் ஊருக்கே வழி காட்டுகிறாள்! இதற்கு இணையாக ஒரு கற்பனையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இன்னொரு கதை பயங்கரமானது. எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரத்தில், இதேபோல் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருத்தி குடிசையிலிருந்து நழுவி ஊற்றுக்குப் போகிறாள். தண்ணீரின் குட்டிகளைக் கொன்று தின்கிறாள். மழைக்குச் சினம் மூள்கிறது. சுழற்காற்று அவளையும் பெற்றோரையும் தூக்கிக்கொண்டு போய் ஊற்றில் போடுகிறது. மூவரும் தவளையாகிறார்கள். அவர்களுடைய பாயும் அம்பும் ஊற்றங்கரையில் செடிபோல் முளைத்து நிற்கின்றன. காட்டிலிருந்து எடுத்து மனிதன் செய்ததெல்லாம் ஒரே நாளில் காட்டுக்கே திரும்பிவிடுகிறது.

ஹாம் மக்கள் வாழ்ந்தது கரூ என்னும் வறண்ட நிலத்தில். ஊற்று வற்றினால் கூட்டமே இடம்பெயர வேண்டும். தனிமை முடிந்து வெளியே வரும் பெண், மழை கோபிக்காதிருக்கச் செங்காவிப் பொடியை நீரில் தூவுவாள். இதை வெறும் தீட்டு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. மழையையும் வேட்டையையும் அசைக்கும் வலிமை அந்த நாட்களில் அவளிடம் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். அந்த அச்சத்தின் சுமையை ஒரு சிறுமியே தாங்கினாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வடக்கே கலஹாரியில் ஜுஹோவான்சி என்னும் இன்னொரு புஷ்மென் இனத்து மக்களிடம் இதே சடங்கு கொண்டாட்டமாகிறது. குடிசைக்குள் பெண் இருக்க, வெளியே பெண்கள் ஈலண்ட் என்ற பெரிய மானைப் போல் அசைந்து ஆடுவார்கள். முதியவர் ஒருவர் கொம்பாகக் குச்சிகளைப் பிடித்துக் காளையாக வருவார். பையனுக்கும் அதே மான்தான். முதல் ஈலண்டை வீழ்த்தியவனை அதன் தோலில் உட்காரவைத்து, அதன் குளம்பால் சுற்றிலும் தடம் பதிப்பார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையின் ஃபுல்டன் பாறை ஓவியத்தில், போர்வைக்குள் படுத்திருக்கும் உருவத்தைச் சுற்றிப் பெண்கள் குனிந்து ஆடுகிறார்கள். அது இந்த ஈலண்ட் ஆட்டமே என்பது ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸின் முடிவு.

சாம்பல் எறிந்தவளின் கதையைச் சொன்ன ஹாம் மொழியைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவரும் இல்லை. 2000-இல் தென்னாப்பிரிக்கா தன் அரசுச் சின்னத்தின் வாசகத்தை அந்த மொழியில்தான் எழுதிக்கொண்டது.